யார் செய்யலாம், யார் செய்தாக வேண்டும்

கட்டடப் பராமரிப்புக்கான மென்பொருள் எதை வாங்கினாலும் முதல் நாளே நிர்வாகியின் முன் ஓர் அட்டவணை வந்து நிற்கும். இடப்பக்கம் பதவிகள்: உரிமையாளர், மேலாளர், கணக்கர், மேற்பார்வையாளர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஒப்பந்ததாரர், குடியிருப்பவர். மேல்வரிசையில் செயல்கள்: புகாரைப் பதிவது, வேலையை ஒதுக்குவது, சாமான் வாங்குவது, பில்லுக்கு ஒப்புதல் தருவது, பழைய பதிவை அழிப்பது. இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வேலையை மென்பொருள் விற்க வந்தவரிடமே விட்டுவிடுகிறார்கள். அந்த அட்டவணைதான் அந்த இடத்தின் அரசியல் சாசனம் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

இந்த அட்டவணையைப் பற்றி யோசிக்கத் தென்காசியும் குற்றாலமும் பொருத்தமான இடங்கள். மென்பொருள் நிறுவனமான சோஹோ 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இயங்குகிறது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் சோஹோ டெஸ்க் இங்கே உருவான மென்பொருள். அதே வட்டாரத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று பல கைகளின் பொறுப்பில் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி, ஒவ்வோர் அருவிக்கும் ஒவ்வொரு துறை காவல் நிற்கிறது. மென்பொருளிலும் கோயிலிலும் அருவிக்கரையிலும் எழும் கேள்வி ஒன்றே. யார் எதைச் செய்யலாம் என்பதை எழுதிவிட்டால் பராமரிப்பு நடந்துவிடுமா? நடக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். அனுமதி என்பது தடுக்கும் கருவி. பராமரிப்புக்கோ ஒருவரைச் செய்ய வைக்கும் கருவி தேவை.

அட்டவணை வந்த வழி

கணினியில் அனுமதிகளை ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுப்பதுதான் பழைய முறை. நூறு பேர், ஐம்பது செயல்கள் என்றால் ஐயாயிரம் முடிவுகள். ஒருவர் மாற்றலாகிப் போனால் அவர் பெயரில் இருந்த அத்தனை அனுமதிகளையும் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். 1992இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் இதற்கு ஒரு மாற்றை முறையாக வகுத்தார்கள். அனுமதியைப் பதவிக்குக் கொடு. ஆளைப் பதவியில் அமர்த்து. ஆள் போனாலும் பதவி இருக்கும். வருபவருக்குப் பதவியோடு அனுமதியும் வந்துவிடும். 1996இல் ரவி சாந்துவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பதவிகளுக்கு இடையிலான மேல்கீழ் உறவையும் கட்டுப்பாடுகளையும் சேர்த்து இந்த முறையை விரித்தார்கள். 2004இல் இது அமெரிக்காவின் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது.

இதற்கு அடியில் இரண்டு பழைய கொள்கைகள் இருக்கின்றன. ஒருவருக்கு அவருடைய வேலைக்குத் தேவையான அளவு அனுமதி மட்டுமே தர வேண்டும் என்பது ஒன்று. 1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை இதற்குத் தெளிவான வடிவம் தந்தது. ஒரே ஆள் தொடங்கி அவரே முடிக்கும்படி எந்தப் பணப் பரிமாற்றமும் இருக்கக் கூடாது என்பது மற்றொன்று. வணிகக் கணக்கியலில் நெடுங்காலமாக இருந்த இந்த விதியைக் கணினிப் பாதுகாப்புக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தது 1987இல் கிளார்க்கும் வில்சனும் எழுதிய ஆய்வு.

இன்றைய வணிக மென்பொருள்கள் இன்னும் ஒரு படி நுணுக்கமானவை. சோஹோவின் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் இரண்டு தனி ஏற்பாடுகள் உண்டு. ஒருவர் என்னென்ன செயல்களைச் செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது ஒன்று. யார் யாருடைய பதிவுகளைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இன்னொன்று. பராமரிப்பில் இந்தப் பிரிவினை மிகவும் அவசியம். ஒரு பிளம்பருக்கு வேலையை முடித்ததாகக் குறிக்கும் உரிமை வேண்டும். ஆனால் தனக்கு ஒதுக்கிய வேலைக்கு மட்டுமே. எல்லா வீடுகளின் முகவரியும், குடியிருப்பவர்களின் தொலைபேசி எண்ணும், அவர்கள் வீட்டில் இல்லாத நேரமும் அவர் கண்ணில் பட வேண்டியதில்லை. 2023இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது.

கோயில் என்னும் நிர்வாகம்

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கொள்கைகளை நடைமுறையாக வைத்திருந்த இடம் நம் கோயில்கள். தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில்களை 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஆள்கிறது. அதைச் சமயக் கண்ணை மூடிக்கொண்டு நிர்வாகக் கண்ணால் மட்டும் படித்தால், அது ஒரு விரிவான அனுமதி அட்டவணையாகவே தெரியும்.

அறங்காவலர் குழு, செயல் அலுவலர், ஆய்வாளர், உதவி ஆணையர், இணை ஆணையர், ஆணையர் என்று பதவிகள் படிப்படியாக ஏறுகின்றன. ஒவ்வொரு படிக்கும் ஓர் எல்லை உண்டு. கோயில் நிலத்தையோ கடையையோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும், விற்கவும், அடமானம் வைக்கவும் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் செய்த பத்திரம் செல்லாது. வாடகையை நிர்ணயிப்பதையும் ஒருவர் கையில் விடவில்லை. 34-அ பிரிவு அமைக்கும் குழுவில் இணை ஆணையர் ஒருவர், கோயில் தரப்பில் செயல் அலுவலரோ அறங்காவலரோ ஒருவர், மூன்றாவதாகப் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர். வாடகை வாங்கும் தரப்புக்கும் அதை மேற்பார்க்கும் தரப்புக்கும் நடுவே, சந்தை மதிப்பு தெரிந்த வெளியாள் ஒருவரை உட்கார வைத்த ஏற்பாடு அது.

உண்டியலில் இது கண்ணுக்கே தெரியும். பூட்டுகள் ஒன்றுக்கு மேல். சாவிகள் வெவ்வேறு கைகளில். கோயில் தரப்பும் துறைத் தரப்பும் ஒருசேர நின்றால்தான் உண்டியல் திறக்கும். எண்ணுவது எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். மென்பொருள் உலகில் இருவர் ஒப்புதல் என்று இப்போது சொல்லப்படும் விதியின் இரும்பு வடிவம் அது.

இந்த அமைப்பு எங்கே தளர்கிறது என்பதும் படிப்பினைதான். அறங்காவலர் குழு அமையாமல் இடம் காலியாக இருந்தால், அந்த வேலையைப் பார்க்கத் தக்கார் ஒருவரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. தற்காலிக ஏற்பாடாக வந்த அந்தப் பதவி பல கோயில்களில் ஆண்டுக்கணக்கில் நீண்டிருக்கிறது. தக்காராக வருபவரும் பெரும்பாலும் துறை அலுவலர்தான். ஒரு கோயிலின் செயல் அலுவலர் பக்கத்துக் கோயிலுக்குத் தக்கார். காகிதத்தில் இரண்டு பதவிகள். இரண்டு கையெழுத்தும் ஒரே துறையிலிருந்து. முன்மொழிபவரும் மறுத்துப் பேச வேண்டியவரும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டால் பிரிவினை பெயரளவில்தான் நிற்கும். சாந்துவின் மாதிரியில் இதற்கென்றே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: சில பதவிகளை ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மென்பொருளில் அதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆள் பற்றாக்குறை உள்ள துறையில் அந்த வரி முதல் வாரத்திலேயே தளர்த்தப்படும்.

பாண்டியன் எழுதிவைத்தது

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியவன் 15ஆம் நூற்றாண்டின் பராக்கிரம பாண்டியன். அங்கே அவன் செய்யுளாகப் பொறித்துவைத்த வேண்டுகோள் ஒன்று புகழ்பெற்றது. பின்னாளில் இந்த ஆலயத்துக்கு ஏதேனும் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. பக்தியின் வெளிப்பாடாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. பராமரிப்பு விதியாகப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. பழுதைச் சரிசெய்யும் உரிமையை அவன் எந்தப் பதவிக்கும் கட்டவில்லை. எல்லோருக்கும் திறந்துவிட்டு, செய்பவருக்கு மதிப்பையும் அறிவித்துவிட்டான். கட்டுகிறவன் இருப்பான், காப்பவன் கிடைப்பானா என்ற கவலை அதில் ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது.

கவலை வீண்போகவில்லை. இடிந்து மொட்டைக் கோபுரமாகவே பல பத்தாண்டுகள் நின்ற ராஜகோபுரம், பா. சிவந்தி ஆதித்தனாரின் முன்முயற்சியில் ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. அதைச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பதவிக்கும் இருந்ததில்லை. யாருக்கும் கடமையாக இல்லாத வேலை, மனமும் வசதியும் உள்ள ஒருவர் வரும்வரை காத்திருந்தது. உபயதாரரை நம்பிய பராமரிப்பின் பெருமையும் அதுதான், பலவீனமும் அதுதான்.

இன்று அதே கோயிலில் பழுதுபார்ப்பது அப்படித் திறந்த வேலையாக இல்லை. மதிப்பீடு, துறைப் பொறியாளர்களின் ஒப்புதல், பழமையான கட்டுமானமாக இருப்பதால் மண்டல, மாநில அளவிலான வல்லுநர் குழுக்களின் பரிந்துரை என்று படிகள் பல. பழமையை சிமென்ட் பூசி அழித்த அனுபவங்கள் தமிழ்நாட்டில் நிறைய என்பதால் இந்தக் காவல் நியாயமானதே. 2025 ஏப்ரல் 7 அன்று நடந்த குடமுழுக்குக்கு முன் திருப்பணிகள் சரியாக முடிந்தனவா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போனது. இடைக்காலத் தடை வந்தது. பிறகு அது விலகியது. இத்தனை ஒப்புதல் படிகள் இருந்தும், வேலை முடிந்ததா என்ற எளிய கேள்விக்கு விடை தேடி ஊர்க்காரர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது கவனிக்க வேண்டிய செய்தி. தொடங்க அனுமதி தரும் கைகள் பல இருந்தன. முடிந்தது என்று ஊருக்கே தெரியும்படி சான்று சொல்ல ஒரு கை தெளிவாக இருந்திருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது.

அனுமதியையும் கடமையையும் ஒன்றாகக் கட்டிய முன்மாதிரி நம்மிடம் இல்லாமலில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்த ஊர்ச்சபையில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. ஏரி வாரியம் என்றால் ஏரியைப் பார்த்துக்கொள்வது. பதவியும் கடமையும் கணக்கும் ஒரே முடிச்சில். நிலம் வைத்திருந்த, வேதம் கற்ற பிராமண ஆண்களின் சபை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரின் பெரும்பகுதி மக்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

நேர் எதிரான பிழை 1858இல் நடந்தது. சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், குளம் குட்டைகளின் கரையைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து வேலையை ஊர்மக்களின் சட்டப்படியான கடமையாக்கியது. தண்ணீர் மீதான அதிகாரமோ அரசிடம் குவிந்துவிட்டது. கடமை மட்டும் கீழே, அனுமதி முழுவதும் மேலே. குடிமராமத்து தேய்ந்துபோனதற்கு ஆய்வாளர்கள் காட்டும் காரணங்களில் இது முக்கியமானது. அனுமதி இருந்து கடமை இல்லாவிட்டால் வேலை காத்துக் கிடக்கும். கடமை இருந்து அனுமதி இல்லாவிட்டால் வேலை செய்பவர் விலகிப் போவார்.

அருவிகளின் எல்லைக்கோடுகள்

குற்றாலம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் நிர்வாகத்தில் அது பல துண்டு. பேரருவியும் அதைச் சுற்றிய தெருக்களும் பேரூராட்சியின் பார்வையில் வருகின்றன. அருவியை ஒட்டிய கடைவீதியில் குற்றாலநாதர் கோயிலுக்கு உரிய இடங்களும் கடைகளும் இருக்கின்றன. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையின் பிடியில். பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறையின் பண்ணைக்குள். பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சிப் பகுதியில். தண்ணீர் அதிகமானால் குளிக்கத் தடை விதிப்பது மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பழைய அரண்மனை வளாகமோ கேரளப் பொதுப்பணித்துறையின் பராமரிப்பில். உடைமையாளர் மலைக்கு அந்தப்புறம், கட்டடம் மலைக்கு இந்தப்புறம்.

சாரல் காலத்தில் ஒரே நாளில் பல்லாயிரம் பேர் வந்துபோகும் ஊருக்கு இப்படிப் பல உடைமையாளர்கள் இருப்பது தவறில்லை. காட்டை வனத்துறையும் சாக்கடையைப் பேரூராட்சியும் பார்ப்பதுதான் முறை. சிக்கல் எல்லைக்கோட்டில் வருகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அருவிக்கரைகளில் தடை வந்தது. அதைத் தொடர்ந்து அந்த அருவி யார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. வனத்துறையின் கைக்குப் போனால் குளிக்கும் நேரம் சுருங்கும், பிழைப்பு போகும் என்று ஊர்மக்களும் வியாபாரிகளும் அஞ்சினார்கள்.

அந்த வாதம் முழுவதும் அனுமதியைப் பற்றியது: யார் திறப்பது, யார் மூடுவது, யார் கட்டணம் வாங்குவது. மலைமேல் மழை கொட்டும் செய்தியைக் கீழே கொண்டுவருவது யார், வந்த செய்தியைக் கேட்டு எத்தனை நிமிடத்தில் கூட்டத்தைக் கரையேற்றுவது யார், அவர் சாப்பிடப் போயிருந்தால் அடுத்தவர் யார் என்ற கேள்விகள் கடமையைப் பற்றியவை. துறை மாறினாலும் இந்தக் கேள்விகள் அப்படியே நிற்கும்.

மென்பொருளில் வழுக்கும் இடங்கள்

இதே இடைவெளி சின்ன அளவில் எந்தத் தங்கும் விடுதியிலும் உண்டு. உரிமையாளர் சென்னையிலோ துபாயிலோ, மேலாளர் ஊரில், பத்து அறைக்கு ஒரு வாட்ச்மேன். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, அறையெல்லாம் நிரம்பியிருக்கும்போது தண்ணீர் மோட்டார் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். வாட்ச்மேன் புகார் பதியலாம். மேலாளர் வேலையை ஒதுக்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேலான செலவுக்கு உரிமையாளர் ஒப்புதல் தர வேண்டும். அவர் விமானத்தில் இருக்கிறார். அட்டவணைப்படி யாரும் தவறு செய்யவில்லை. தண்ணீரும் வரவில்லை.

அப்போது நடப்பது எல்லோரும் அறிந்ததுதான். உரிமையாளரின் கடவுச்சொல் மேலாளருக்குத் தெரியும். மேலாளரே உள்ளே போய் ஒப்புதல் கொடுத்துவிடுவார். வேலை நடந்துவிடும். ஆனால் பதிவேட்டில் உரிமையாளர் ஒப்புதல் தந்ததாகவே இருக்கும். நாளை கணக்கில் தகராறு வந்தால் அந்தப் பதிவு பொய் சாட்சி சொல்லும். அரசு அலுவலகங்களில் அதிகாரியின் மின் கையொப்பக் கருவி உதவியாளரின் மேசை இழுப்பறையில் கிடப்பதும் இதே கதை. கடவுச்சொல்லைப் பகிர்வதை ஒழுக்கக் குறைவு என்று மட்டும் பார்த்தால் நோய் பிடிபடாது. கடமை ஒருவரிடமும் அனுமதி இன்னொருவரிடமும் இருக்கும்போது வேலை செய்பவர் கண்டுபிடிக்கும் சந்து அது. கடவுச்சொல் எங்கே அதிகம் பகிரப்படுகிறதோ அங்கே அட்டவணை தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாவது வழுக்கல், பழைய பதவிகள் உதிராமல் ஒட்டிக்கொள்வது. மாற்றலானவர், விலகிய ஒப்பந்ததாரர், போன சீசனுக்கு வந்த தற்காலிகப் பணியாளர் என்று பலருடைய கணக்குகள் உயிரோடு இருக்கும். உத்திரமேரூரின் 360 நாள் விதி இங்கே நேரடியாகப் பயன்படும்: ஒவ்வொரு அனுமதிக்கும் பிறக்கும்போதே ஒரு முடிவு நாள் வேண்டும், தொடர வேண்டுமானால் யாராவது கையெழுத்துப் போட்டுத் தொடரட்டும்.

மூன்றாவது, ஒப்புதல் படிகளை அடுக்குவதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை. ஐந்து பேர் ஒப்புதல் தர வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரும் மற்ற நால்வர் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக் கையெழுத்திடுவார்கள். இரண்டு சாவி உண்டியலைக் காக்கும். அதே பூட்டை எழுபது சாவிக்கு மாற்றினால் திருவிழா முடிந்தும் திறக்காது.

அட்டவணைக்கு வேண்டிய இன்னொரு பத்தி

கணினி ஆய்வாளர்களுக்கு இது தெரியாமலில்லை. 2003இல் ஓயாசிஸ் அமைப்பு வெளியிட்ட எக்ஸாக்மல் என்னும் அனுமதி மொழியில் கடமை என்பதற்கென்றே ஓர் உறுப்பு உண்டு. அனுமதி தரும்போதே கூடவே நடக்க வேண்டியதையும் அதில் எழுதலாம். பதிவேட்டில் குறி, இன்னாருக்குத் தகவல் அனுப்பு என்பதைப் போல. ஆனால் யாராவது கதவைத் தட்டினால்தான் அந்தக் கடமை விழிக்கும். பராமரிப்பில் ஆபத்து யாருமே தட்டாத கதவில்தான் இருக்கிறது.

ஆகவே அனுமதி அட்டவணையில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே இன்னும் மூன்று செய்திகள் எழுதப்பட வேண்டும். முதலாவது, அதைச் செய்தாக வேண்டிய பதவி எது, எவ்வளவு நேரத்துக்குள். இரண்டாவது, அந்த நேரம் கடந்தால் கடமையும் அதற்குத் தேவையான அனுமதியும் சேர்ந்தே யாரிடம் போகும். மோட்டார் எரிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் உரிமையாளர் பதில் சொல்லவில்லை என்றால், ஒரு வரம்புவரை செலவு செய்யும் உரிமை மேலாளருக்குத் தானாக வந்து, அவர் பெயரிலேயே பதிவாக வேண்டும். மருத்துவமனை மென்பொருள்களில் இப்படிப்பட்ட அவசர அனுமதி வழக்கத்தில் இருக்கிறது. மருத்துவர் பூட்டிய பதிவைத் திறக்கலாம், ஆனால் ஏன் திறந்தார் என்று பிறகு பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, முடிந்தது என்று சொல்லும் உரிமை யாருக்கு. வேலை செய்தவருக்கு மட்டும் அது இருக்கக் கூடாது. புகார் கொடுத்தவரும் ஒப்ப வேண்டும்.

இவற்றை எழுத அதிகக் கணினி அறிவு தேவையில்லை. தேவைப்படுவது, ஒவ்வொரு கடமைக்கும் ஒரு பதவியின் பெயரைக் குறித்துவிடும் துணிவு. பெயர் குறித்தால் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதால்தான் அட்டவணைகள் அனுமதியோடு நின்றுவிடுகின்றன. யார் செய்யலாம் என்று எழுதுவது யாரையும் சங்கடப்படுத்தாது. யார் செய்யத் தவறினார் என்பதைப் பின்னால் காட்டிக்கொடுப்பது, யார் செய்தாக வேண்டும் என்று எழுதும் பத்திதான்.

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். புதிய மாவட்டத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு: பழைய வழக்கங்கள் இறுகுவதற்கு முன் அட்டவணையைச் சரியாக எழுதிவிடலாம். குற்றாலத்தின் அருவிகளுக்கு அடுத்த சாரலுக்கு முன் அப்படி ஒரு பக்கம் எழுதினால் போதும். ஒவ்வோர் அருவிக்கும் எச்சரிக்கை தர வேண்டிய பதவி, கூட்டத்தைக் கரையேற்ற வேண்டிய பதவி, அவர்கள் இல்லாதபோது வரவேண்டிய பதவி, கெடு நேரம் ஆகியவற்றைக் குறித்து, அருவிக்கரையில் எல்லோரும் படிக்கும்படி அதை ஒட்ட வேண்டும். எந்தத் துறைக்கு அருவி சொந்தம் என்ற வழக்கு அதன்பின் எத்தனை காலம் நடந்தாலும், குளிக்க வந்தவரின் உயிர் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.